சூளைக்கு ஏற்ற மூலதனம்: ஐரோப்பியத் துணிகர முதலீட்டின் அனுபவமும் ரெட்டிபாளையத்தின் எதிர்காலமும்

ஆய்வுச் சுருக்கம்

அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் வட்டாரம், சிமெண்ட் தொழிலின் கரியமில வாயுவைக் குறைக்க ஐரோப்பியப் புத்தொழில் நிறுவனங்கள் உருவாக்கும் தொழில்நுட்பங்களுக்குச் சந்தையாகவும் சோதனைக் களமாகவும் ஆகிவருகிறது. அந்நிறுவனங்களை வளர்க்கும் துணிகர மூலதனத்தின் கால அளவும் சிமெண்ட் சூளையின் கால அளவும் பொருந்துவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பிரிட்டன், ஜெர்மனி, இஸ்ரேல், நார்வே நாடுகளின் அனுபவமும் இந்தியத் துணிகர நிதியின் வரலாறும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதல் ஆலையின் இழப்பில் பங்கேற்று, இலாபத்துக்கு உச்சவரம்பு கட்டாத பொது மூலதனமே இந்த இடைவெளியை நிரப்பும். சுண்ணாம்புக்கல்லின் மீது மாநில அரசு வசூலிக்கும் வரியின் ஒரு சிறு பகுதியை அதற்கான அடித்தளமாக்கலாம் எனக் கட்டுரை முன்மொழிகிறது.

1. சிக்கல்

புத்தாக்கத்துக்குப் பணம் யார் தருவது என்ற கேள்வி தமிழ்நாட்டில் பெரும்பாலும் மென்பொருளை வைத்தே பேசப்படுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. திருச்சியில் பிறந்த கிரீஷ் மாத்ருபூதம் நிறுவிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2011இல் ஆக்செல் நிறுவனத்தின் முதலீட்டைப் பெற்றது. பத்தே ஆண்டுகளில், 2021 செப்டம்பரில், அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. வெளியார் முதலீட்டை நாடாமலேயே வளர்ந்த ஜோஹோ, தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. ஒன்று துணிகர மூலதனத்தால் வளர்ந்தது, மற்றொன்று அது இல்லாமல் வளர்ந்தது. இரண்டுமே கணினியையும் மனித உழைப்பையும் முதலாகக் கொண்டவை.

அதே திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள அரியலூரின் தொழில் வேறு வகையானது. அல்ட்ராடெக் நிறுவனத்தின் ரெட்டிபாளையம் ஆலை, டால்மியாவின் அரியலூர் ஆலை, ராம்கோவின் ஆலத்தியூர், கோவிந்தபுரம் ஆலைகள், தளவாய், கீழப்பழூர் ஆலைகள், தமிழ்நாடு அரசின் டான்செம் ஆலை எனச் சுற்றிலும் சிமெண்ட்தான். இங்கே ஒரு புதிய யோசனையைச் சோதிக்கச் சூளையை நிறுத்த வேண்டும், கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்க வேண்டும், பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இத்தகைய புத்தாக்கத்துக்கு எந்த மூலதனம் பொருந்தும்? அதன் இடரை யார் சுமக்கிறார்கள்? பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஐரோப்பாவின் அனுபவம் விடை தேட உதவுகிறது. அந்த அனுபவத்தின் ஒரு முனை ஏற்கெனவே அரியலூரைத் தொட்டுவிட்டது என்பதால், இந்த ஒப்பீடு ஏட்டளவில் நின்றுவிடாது.

2. கல்லின் வேதியியலும் தொழிலின் கணக்கும்

ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள நிலம் கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவம். நிலவியலாளர்கள் கல்லங்குறிச்சிப் படிவம் என்று அழைக்கும் அடுக்கில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பி ஓடுகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. ஆலைகள் வெட்டியெடுப்பது இந்தச் சிப்பிச் சுண்ணாம்பைத்தான். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூடேற்றினால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறும். எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும் இந்த 44 கிலோ மாறாது, ஏனெனில் அது கல்லுக்குள்ளேயே இருப்பது. சூளையை ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சூடாக்க எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலியக் கரியிலிருந்தும் வரும் வாயு இதற்கு மேல். ஒரு சிமெண்ட் ஆலையின் மொத்தக் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு கல்லிலிருந்தும் எஞ்சியது எரிபொருளிலிருந்தும் வருகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமெண்ட் தொழிலின் பங்கு 7 முதல் 8 விழுக்காடு எனக் கணக்கிடப்படுகிறது.

சூரிய மின்சாரத்தால் மட்டும் தீரக்கூடிய சிக்கல் இல்லை இது. மூன்று வழிகள் உள்ளன: சூளையில் கல்லைச் சுட்டுப் பெறும் கட்டியான கிளிங்கரின் அளவைக் குறைப்பது, சூட்டை மின்சாரத்தால் உண்டாக்குவது, வெளியேறும் வாயுவைப் பிடிப்பது. மூன்றிலும் ஐரோப்பிய நிறுவனங்களும் ஆய்வகங்களும் முன்னணியில் நிற்கின்றன. மூன்றும் தமிழ்நாட்டுச் சிமெண்ட் ஆலைகளோடு தொடர்புடையவை.

தொழிலின் கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். சிமெண்ட், எடை மிகுந்த, விலை குறைந்த சரக்கு. ஓர் ஆலை முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடினால்தான் போட்ட முதல் முழுமையாகத் திரும்பும். வாங்குபவரும் எளிதில் மாறமாட்டார். தன் வீடு ஐம்பது ஆண்டுகள் நிற்க வேண்டும் என நினைப்பவர் பழகிய சிமெண்ட்டைத்தான் கேட்பார், கொத்தனாரும் அதையே சொல்வார். ஆகவே புதிய சிமெண்ட்டுக்கு ஆய்வகச் சான்று மட்டும் போதாது. தரக்கட்டுப்பாட்டு விதி வேண்டும், பெரிய கட்டுமானங்களில் ஓரிரு ஆண்டு அனுபவம் வேண்டும், முதலில் வாங்க முன்வரும் ஒருவர் வேண்டும்.

துணிகர நிதியத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர். வழக்கமான நிதியம் ஒன்றின் ஆயுள் பத்து ஆண்டுகள். முதல் நான்கைந்து ஆண்டுகளில் முதலீடு செய்து, மீதிக் காலத்துக்குள் பங்குகளை விற்று முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். இருபது நிறுவனங்களில் பணம் போட்டால் பெரும்பாலானவை தோற்கும், ஒன்றிரண்டு பல மடங்கு தரும் என்ற எதிர்பார்ப்பில்தான் அது இயங்குகிறது. மென்பொருளில் ஒரு முறை எழுதியதைக் கோடி பேருக்கு விற்கலாம். சூளையில் ஒவ்வொரு டன்னுக்கும் தனித்தனியாகக் கல்லும் சூடும் வேண்டும்.

3. ஐரோப்பா கற்ற பாடங்கள்

துணிகர மூலதனம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்ற பொதுக் கருத்தில் பாதி உண்மை உண்டு. 1946இல் பாஸ்டனில் அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மெண்ட் என்ற நிறுவனத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜார்ஜ் டோரியோ பிரான்சில் பிறந்தவர். அந்நிறுவனம் 1957இல் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் கார்ப்பரேஷனில் போட்ட 70,000 டாலர் பல நூறு மடங்காகப் பெருகியதிலிருந்துதான் இவ்வகை முதலீட்டின் புகழ் பரவியது. ஆனால் அந்தப் பாஸ்டன் நிறுவனம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னரே பிரிட்டனில் வேறு பாதை தொடங்கிவிட்டது. சிறு தொழில்களுக்கு நீண்டகால மூலதனம் கிடைப்பதில்லை என்று 1931இல் மேக்மில்லன் குழு சுட்டிக்காட்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்பவே இங்கிலாந்து வங்கியும் பெரிய வணிக வங்கிகளும் சேர்ந்து 1945இல் ஐசிஎஃப்சி என்ற நிறுவனத்தை ஏற்படுத்தின. பின்னாளில் அதுவே 3ஐ ஆயிற்று. அமெரிக்காவில் 1979க்குப் பிறகு ஓய்வூதிய நிதிகள் துணிகர நிதியங்களுக்குள் பாய்ந்தன. ஐரோப்பாவிலோ தொடக்கத்திலிருந்தே பொதுநலன் கருதிய முடிவுகளே இத்துறைக்கு அடித்தளம் இட்டன. 1994இல் தொடங்கிய ஐரோப்பிய முதலீட்டு நிதியம் இன்றும் அக்கண்டத்துத் துணிகர நிதியங்களின் முக்கிய முதலீட்டாளராக இருக்கிறது.

அரசு தலையிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மேற்கு ஜெர்மனியில் 1975இல் தொடங்கப்பட்ட துணிகர நிதி நிறுவனமான டபிள்யூஎஃப்ஜியின் இழப்பில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்றுக்கொண்டது. வெற்றி பெற்ற தொழில்முனைவோரோ நிறுவனத்தின் பங்கை முதலோடு மிதமான வட்டி சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என விதி இருந்தது. இழப்பின் பெரும்பகுதியை அரசு தாங்கியது, இலாபத்துக்கோ உச்சவரம்பு வந்தது. நல்ல நிறுவனங்களைத் தேடிப் பிடிக்கவோ, முதலீடு செய்த பிறகு அவற்றுக்கு வழிகாட்டவோ மேலாளர்களுக்கு ஊக்கம் இல்லாமல் போனது. திட்டம் தோற்றது.

இஸ்ரேல் 1993இல் தொடங்கிய யோஸ்மா திட்டம் இதற்கு மறுதலை. 10 கோடி டாலர் அரசுப் பணத்தின் பெரும்பகுதியைப் பத்துத் தனியார் நிதியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொன்றும் வெளிநாட்டுக் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுகளுக்குள் அரசின் பங்கை முன்பே குறித்த விலைக்குக் கூட்டாளிகள் வாங்கிக்கொள்ளலாம். இழப்பில் அரசு உடன் நின்றது, இலாபத்தின் மேல்பகுதியை விட்டுக்கொடுத்தது. உள்ளூரில் நிதியம் நடத்தத் தெரிந்த ஒரு தலைமுறை அதில் பயிற்சி பெற்றது. இரண்டு நாடுகளும் செலவிட்டது பொதுப் பணத்தைத்தான். இடரையும் இலாபத்தையும் எப்படிப் பங்கிடுவது என்ற விதியே இரண்டின் முடிவையும் பிரித்தது.

ஐரோப்பாவின் இன்றைய நோய் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கிறது. தொடங்குவதற்குப் பணம் கிடைக்கிறது, வளர்வதற்குக் கிடைப்பதில்லை. 2008க்கும் 2021க்கும் இடையில் ஐரோப்பாவில் தோன்றிய நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு தலைமையகத்தை வெளிநாட்டுக்கு மாற்றின, அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின என்று மரியோ டிராகியின் 2024 அறிக்கை கூறுகிறது. 2021இல் தொடங்கிய ஐரோப்பியப் புத்தாக்க மன்றம் மானியத்தோடு பங்கு மூலதனத்தையும் நேரடியாகத் தருவது இதற்கான மருந்துகளில் ஒன்று.

கனரகத் தொழிலில் இந்த நோய் இன்னும் கடுமையானது. ஸ்வீடனின் பேட்டரி நிறுவனமான நார்த்வோல்ட் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் திரட்டியும், உற்பத்தியை எதிர்பார்த்த வேகத்தில் நிலைப்படுத்த முடியாமல் 2025 மார்ச்சில் திவாலானது. அதே ஆண்டு ஜூனில் நார்வேயின் பிரெவிக்கில், ஆண்டுக்கு 4 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பு ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் சிமெண்ட் ஆலையில் தொடங்கிவைக்கப்பட்டது. இதற்குத் துணிகர நிதியம் பணம் போடவில்லை. செலவின் பெரும்பகுதியை நார்வே அரசு ஏற்றது, மீதியை நெடுநாள் தொழில் நடத்திவரும் ஒரு சிமெண்ட் நிறுவனம் போட்டது. முதல் ஆலையின் இடரை யார் சுமக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. லண்டன் வழியாக அரியலூர்

கரக்பூர் ஐஐடியில் படித்த அனிருத்தா சர்மாவும் பிரதீக் பம்பும் 2009இல் தொடங்கிய நிறுவனம் கார்பன் கிளீன். கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் கரைப்பானே அவர்களின் கண்டுபிடிப்பு. இந்தியாவில் முதலீடு கிடைக்காத நிலையில் பிரிட்டிஷ் அரசின் மானியமும் தொழில்முனைவோருக்கான விசாவும் அவர்களை லண்டனுக்கு அழைத்துச் சென்றன. ஆனால் அவர்களின் பெயரை உலகுக்குச் சொன்ன ஆலை லண்டனில் இல்லை, தூத்துக்குடியில் இருக்கிறது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் நிலக்கரிக் கொதிகலனிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் அமைப்பு 2016இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அரசு மானியம் இல்லாமலேயே அது நின்றதற்குக் காரணம், வாயுவை மூலப்பொருளாக வாங்க ஆலைக்குள்ளேயே ஆள் இருந்ததுதான்.

அடுத்த படி அரியலூரை நோக்கியது. டால்மியா சிமெண்ட் 2019 செப்டம்பரில் கார்பன் கிளீனுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. தன் அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் வாயுவைப் பிடிப்பது என்பது இலக்கு. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,370 டன். இந்த எண்ணை வேறோர் எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2025 மே மாதம் சிமெண்ட் துறைக்கெனக் கரியமில வாயுப் பிடிப்புச் சோதனைத் தளங்கள் ஐந்தை அறிவித்தது. அவற்றில் ஹரியானாவின் பல்லப்கரில் அமைவது நாளொன்றுக்கு 2 டன் அளவிலானது. மற்றொரு தளத்தில் சென்னை ஐஐடியும் பிட்ஸ் பிலானியின் கோவா வளாகமும், ரெட்டிபாளையம் ஆலையை நடத்தும் அல்ட்ராடெக்குடன் கைகோக்கின்றன. 1,370 டன்னுக்கும் 2 டன்னுக்கும் இடையில் இருப்பதுதான் முதல் ஆலைக்கான மூலதனம் இல்லாத பள்ளத்தாக்கு. தூத்துக்குடியில் வாயுவை வாங்க ஆள் இருந்தது. அரியலூரில் 5 லட்சம் டன்னை யார் வாங்குவார்கள்? வாயுவை வெளியேவிட்டால் போதிய விலை கொடுக்க வேண்டும் என்ற நிலை இல்லாதபோது, அதைப் பிடிப்பதற்கான செலவை எந்த ஆலை தாங்கும்?

கார்பன் கிளீன் 2022இல் 15 கோடி டாலர் திரட்டியது. அதற்குத் தலைமை தாங்கியது அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரான். உடன் வந்தவர்களில் மெக்சிகோவின் செமெக்ஸ், சவூதி அராம்கோ, சாம்சங் ஆகியவற்றின் முதலீட்டுப் பிரிவுகள் இருந்தன. இந்திய மூளை, பிரிட்டிஷ் மானியம், தூத்துக்குடியின் முதல் ஆலை, அமெரிக்க எண்ணெய்ப் பணம் எனச் சங்கிலி நீள்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு இடமும் உழைப்பும் ஆலையும் கொடுத்ததோடு முடிந்துவிடுகிறது. பங்குரிமையில் அதற்கு ஒரு துளியும் இல்லை.

சூட்டை மின்மயமாக்கும் வழியிலும் இதே போக்குதான். சுழல் இயந்திரத்தின் உதவியால் வாயுவை 1,700 டிகிரி வரை சூடாக்கும் கருவியை உருவாக்கிவரும் ஃபின்லாந்தின் கூல்புரூக் 2022இல் அல்ட்ராடெக்குடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. கருவிக்கு மூலதனம் ஹெல்சிங்கியில் திரள்கிறது, அதற்கான சூளைகள் இந்தியாவில் இருக்கின்றன.

கிளிங்கரைக் குறைக்கும் எல்சி3 சிமெண்ட் மட்டும் வேறொரு வழியில் வந்தது. சுட்ட களிமண் 30 விழுக்காடும் சுண்ணாம்புக்கல் 15 விழுக்காடும் கலந்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் இந்தக் கலவையை ஸ்விட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேரன் ஸ்க்ரிவனர் தலைமையிலான குழு, கியூபாவின் ஆய்வாளர்களோடும் டெல்லி, சென்னை ஐஐடிகளோடும் சேர்ந்து உருவாக்கியது. பணம் ஸ்விஸ் அரசின் வளர்ச்சி உதவி முகமையிலிருந்து வந்தது. இந்தியத் தர நிறுவனம் 2023இல் ஐஎஸ் 18189 என்ற தரவிதியை வெளியிட்டது. உடனடியாகப் பயன்தரக்கூடிய இந்த வழி துணிகர நிதியம் இல்லாமலே வளர்ந்தது என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. சூளைக்குப் போகாத தரம் குறைந்த சுண்ணாம்புக்கல்லையும் இதில் சேர்க்க முடியும். விருத்தாசலம் பகுதியின் பீங்கான் தொழிலுக்கு அடிப்படையான களிமண் வளம் அரியலூருக்குத் தொலைவில் இல்லை. அந்த மண்ணின் தரத்தை முறையாகச் சோதிப்பதே சிறு நிறுவனங்களுக்கான நல்ல வேலை.

5. நம்மிடமே இருந்த கருவிகள்

துணிகர நிதி இந்தியாவுக்கு 1990களுக்குப் பின் இறக்குமதியான பொருள் என்று எண்ணுவது தவறு. புதிய தொழில்முனைவோருக்கு இடர் மூலதனம் வேண்டும் என்று ஆர். எஸ். பட் குழு 1972இலேயே பரிந்துரைத்தது. 1975இல் ஐஎஃப்சிஐ இடர் மூலதன அறக்கட்டளையைத் தொடங்கியது. 1986இல் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்துக்குச் செலுத்தும் தொகை மீது தீர்வை விதித்து, அதிலிருந்து உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்கு நிதி ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. 1988இல் ஐசிஐசிஐயும் யூனிட் டிரஸ்டும் சேர்ந்து டிடிஐசிஐ நிறுவனத்தைத் தொடங்கின. செபி விதிகள் 1996இல் வந்தன, 2012இல் மாற்று முதலீட்டு நிதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அந்த முதல் தலைமுறை பயன்படுத்திய கருவிகளில் ஒன்று இன்று ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. அதுதான் நிபந்தனைக் கடன். தொழில்நுட்பம் வென்றால் விற்பனையில் ஒரு பங்கை உரிமத்தொகையாகக் கட்ட வேண்டும், தோற்றால் கட்ட வேண்டியதில்லை. பங்கை விற்று வெளியேற வேண்டிய கட்டாயம் இதில் இல்லை என்பதால், பத்தாண்டு எல்லையும் இல்லை. சூளையின் கால அளவுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைக் காண்பது அரிது. 1986இன் தீர்வையில் உள்ள தத்துவமும் கவனிக்கத் தக்கது. பழைய முறையைப் பயன்படுத்துவோரிடம் வாங்கிப் புதிய முறைக்குக் கொடுப்பது என்பது அது. ஐரோப்பிய ஒன்றியம் கரிமச் சந்தை ஏலத்தில் வரும் பணத்தைக் கொண்டு புத்தாக்க நிதியம் அமைத்து முதல் ஆலைகளுக்குக் கொடுப்பதும் இதே தத்துவத்தின்படிதான்.

தமிழ்நாட்டுக்கும் நீண்ட மரபு உண்டு. மாநில அளவிலான தொழில் நிதிக் கழகங்களில் முன்னோடியான தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் 1949இல் தொடங்கியது. அரியலூரில் டான்செம் ஆலை 1979இல் உற்பத்தி தொடங்கியது. தனியார் ஆலைகள் பலவும் 1990களிலும் அதன் பின்னும்தான் வந்தன. இன்றைய ரெட்டிபாளையம் ஆலையும் தரணி சிமெண்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1990களின் இறுதியில் கிராசிம் வசம் போய், பிறகு அல்ட்ராடெக்கின் பகுதியானது. அரியலூர்க் கல்லை நம்பி ஆலை கட்டலாம் என்ற துணிவைக் காட்டியதில் அரசுக்குப் பெரிய பங்கு இருந்தது. இன்று ஸ்டார்ட்அப் டிஎன் இயக்கம் டான்சீட் திட்டத்தின் வழியே 10 லட்சம் ரூபாயும், ஊரகம், பசுமைத் தொழில்நுட்பம், பெண்கள் தலைமை ஆகிய பிரிவுகளுக்கு 15 லட்சம் ரூபாயும் தருகிறது. தொடங்குவோருக்கு இது கைகொடுக்கும். ஒரு சூளையில் சோதனை நடத்த இது போதாது.

6. முன்மொழிவு: சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஒரு நிதியம்

கனிமங்கள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு கனிமவள நில வரிச் சட்டம் இயற்றப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என வரி குறிக்கப்பட்டது. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் தேவை. ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர் தயாரிக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொண்டால், 15 லட்சம் டன் கல்லுக்கு 24 கோடி ரூபாய் வரி வரும். அதில் 5 விழுக்காட்டை ஒதுக்கினால் 1 கோடியே 20 லட்சம். அந்த அளவுள்ள ஐந்து ஆலைகள் என்றால் ஆண்டுக்கு 6 கோடி, ஐந்தாண்டில் 30 கோடி.

இந்த 30 கோடியால் 5 லட்சம் டன் வாயுவைப் பிடிக்கும் ஆலை கட்ட முடியாது. ஆனால் களிமண் சுடும் சிறு சூளை, வாயுவைப் பயன்படுத்தும் முன்மாதிரி, புகைபோக்கித் தூசியைத் தொடர்ந்து அளக்கும் கருவி, ஆலையின் பொறியியல் ஆய்வறிக்கை ஆகியவற்றுக்கு அது போதும். ஒன்றிய அரசு 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆய்வு, மேம்பாடு, புத்தாக்கத் திட்டம் போன்றவற்றின் கதவைத் தட்டுவதற்கு முதலில் காட்ட வேண்டியவை இவைதான்.

நிதியத்துக்கு நான்கு விதிகள் வேண்டும். முதலாவது, மானியமாகவோ வழக்கமான கடனாகவோ தராமல் நிபந்தனைக் கடனாகவும் பங்காகவும் தருவது. வென்ற தொழில்நுட்பம் உலகில் எங்கே விற்றாலும் உரிமத்தொகையில் ஒரு பங்கு அரியலூருக்கு வர வேண்டும். இரண்டாவது, ஜெர்மனியின் பிழையைத் தவிர்ப்பது. இழப்பின் பெரும்பகுதியை அரசு ஏற்று இலாபத்துக்கு வரம்பு கட்டக் கூடாது. தொழில்முனைவோரும் தனியார் கூட்டாளியும் தங்கள் பணத்தையும் போட வேண்டும், வென்றால் மேல்பலனை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, டான்செம் அரியலூர் ஆலையை எல்லாப் புத்தொழில் நிறுவனங்களுக்கும் திறந்த சோதனைத் தளமாக்குவது. தனியார் ஆலையில் சோதித்தால் தரவு ஒரு நிறுவனத்துக்குள் தங்கிவிடும், அரசு ஆலையில் சோதித்தால் பொதுவாகும். நான்காவது, முதலில் வாங்குபவராக அரசே இருப்பது. பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் தரவிதிக்கு உட்பட்ட குறைகரிமச் சிமெண்ட்டில் ஒரு குறிப்பிட்ட அளவை வாங்குவதாக உறுதி கொடுத்தால், அந்த உறுதியைக் காட்டியே வங்கியில் கடன் பெற முடியும்.

7. எதிர்வாதங்கள்

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குக் குடிநீரும் மருத்துவமும் சாலையும் முதலில் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் மாவட்டக் கனிம அறக்கட்டளையின் பணத்தைத் தொடக் கூடாது என்கிறேன். 2015 முதல் செயல்படும் அந்த ஏற்பாட்டில், பழைய சுரங்கக் குத்தகைகளுக்கு உரிமத்தொகையின் 30 விழுக்காடு வசூலாகிறது. அது தூசியும் வெடியதிர்வும் லாரி நெரிசலும் சுமக்கும் மக்களுக்கே உரியது. முன்மொழியப்படும் நிதியம் மாநிலத்தின் பொது வருவாய்க்குப் போகும் புதிய வரியிலிருந்து மட்டும் எடுக்கப்படும்.

அரசு வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் திறன் பெற்றதா என்பது இரண்டாவது கேள்வி. இம்மாவட்டத்துக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் உழவர்களின் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. நிலக்கரி வெட்டப்படவே இல்லை. கடைசியில் நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்தின் இடர் முழுவதும், திட்டத்தில் ஒரு பங்கும் இல்லாத உழவர்களின் தலையில் விழுந்தது. இடரைச் சுமப்பவருக்கு ஆதாயத்தில் பங்கு வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் காலக்கெடு வேண்டும், கெடு தவறினால் பணம் நிற்க வேண்டும் என்ற மூன்று விதிகளையும் நமக்குக் கற்றுத் தருவது ஜெயங்கொண்டம்தான். சிறு தொகைகளைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, தோற்றவற்றை விரைவில் நிறுத்தும் முறையில் துணிகர மூலதனத்தின் நல்ல பழக்கத்தையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சிமெண்ட் நிறுவனங்கள் பெரியவை, அவையே செலவிடட்டுமே என்பது மூன்றாவது கேள்வி. தங்களுக்கு இலாபம் தரும் மேம்பாடுகளை அவை செய்துகொள்ளும். போட்டியாளருக்கும் பயன்படும் அறிவுக்கு எந்த நிறுவனமும் தனியாகச் செலவிடாது. விதிகள் மாறும்போது நிலைமை மாறும். இறக்குமதிச் சிமெண்ட்டின் கரிமத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் விலை வைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. இந்தியாவின் கரிமக் கடன் வணிகத் திட்டமும் சிமெண்ட் துறையை உள்ளடக்கியது. அரியலூர்ச் சிமெண்ட் பெரும்பாலும் உள்நாட்டிலேயே விற்பதால் ஐரோப்பிய விதியின் நேரடித் தாக்கம் சிறியது, உள்நாட்டுச் சந்தையின் விதியே முக்கியமாகும். கரிமத்தின் விலை உயரும் நாளில் தொழில்நுட்பத்தை வைத்திருப்பவர் விற்பார், இல்லாதவர் வாங்குவார். எந்தப் பக்கத்தில் நிற்பது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

8. முடிவுரை

ஐரோப்பாவின் முக்கால் நூற்றாண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. துணிகர மூலதனம் யோசனையை நிறுவனமாக்கும். சூளையளவு தொழில்நுட்பத்தை முதன்முதலாக நிறுத்திக் காட்டுவதற்குப் பொறுமையான பொதுப் பணமும் அனுபவமுள்ள ஆலையும் வாங்குவதாக உறுதி தரும் அரசும் வேண்டும். பிரெவிக் அதை நடத்திக் காட்டியது, நார்த்வோல்ட் அது இல்லாத இடரைக் காட்டியது. ஐரோப்பா இன்று தேடும் இந்த மூன்றில் அனுபவமுள்ள ஆலை அரியலூரில் ஏற்கெனவே இருக்கிறது: தனியாரும் அரசும் நடத்தும் ஆலைகளும், அவற்றை ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறைத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் இங்கே உண்டு. குறைவது பொறுமையான மூலதனமும் வாங்குவதாக அரசு தரும் உறுதியும்தான். மூலதனத்துக்கான ஊற்று வேறெங்கும் இல்லை, இந்த மண்ணிலிருந்து வெட்டும் ஒவ்வொரு டன் கல்லோடும் அரசின் கணக்கில் சேரும் 160 ரூபாயில் இருக்கிறது. அதில் டன்னுக்கு 8 ரூபாயை ஒதுக்கிவைக்கும் அரசாணை ஒன்று போதும், முதல் படி எடுத்துவைக்க. ரெட்டிபாளையத்துப் பிள்ளைகள் பிறர் கண்டுபிடித்த கருவியை இயக்கும் பணியாளர்களாக மட்டும் நிற்காமல், அந்தக் கருவியின் பங்குதாரர்களாகவும் ஆவதற்கு அந்தப் படி தேவை.